லிம்போமா: முழு உடல் ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கழுத்தில் வலிக்காத கட்டி ஒன்று வாரக்கணக்கில் கரையாமல் நிற்கிறது. அதை அறுத்தெடுத்துப் பரிசோதித்ததில் லிம்போமா என்று முடிவு வருகிறது. நோயின் பெயர் தெரிந்துவிட்டது என்பதற்காக மறுநாளே மருந்து ஏற்றத் தொடங்கிவிடுவதில்லை. கைக்குத் தட்டுப்பட்டது கழுத்துக் கட்டி மட்டும்தான். கைக்கு எட்டாத இடங்களில், நெஞ்சுக்கூட்டுக்குள், வயிற்றின் பின்சுவரை ஒட்டி, மண்ணீரலில், எலும்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதைத்தான் ஸ்டேஜ் பார்ப்பது என்கிறார்கள். இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் பெட்-சிடி என்ற ஒரே ஸ்கேன் செய்து முடித்துவிடுகிறது. சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களைக் காட்டும் பெட் படமும், உள்ளமைப்பைக் காட்டும் சிடி படமும் அதில் சேர்ந்தே வரும்.

ஸ்டேஜ் என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பமே கலங்கிப்போகிறது. நான்காம் ஸ்டேஜ் என்றால் டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். குடல், நுரையீரல் போன்ற உறுப்புகளில் கட்டியாகத் தொடங்கும் புற்றுநோய்களில் அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. லிம்போமாவின் கதை வேறு. அது லிம்போசைட் என்ற வெள்ளணுக்களில் தொடங்கும் நோய். அந்த அணுக்கள் இயல்பிலேயே உடல் முழுக்கச் சுற்றித் திரிபவை. முதன்மைச் சிகிச்சையும் ரத்தத்தோடு உடலெங்கும் போகும் மருந்துதான். அதனால் நான்காம் ஸ்டேஜில் இருக்கும் ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கும், டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமாவுக்கும் கூட, முழுக் குணத்தை எதிர்பார்த்தே சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். எத்தனை சுற்று கீமோ, கதிர்வீச்சு வேண்டுமா, வேண்டுமென்றால் உடலின் எந்தப் பகுதிக்கு என்பதையெல்லாம் முடிவு செய்ய ஸ்டேஜ் தேவைப்படுகிறது.

1 முதல் 4 வரையிலான இந்தக் கணக்கு 1971-இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்தது. அதன் நடுக்கோடு உதரவிதானம், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரை. ஒரே ஒரு நிணநீர் முடிச்சுத் தொகுதியில் மட்டும் நோய் இருந்தால் ஸ்டேஜ் 1. கழுத்திலும் அக்குளிலும் இருக்கிறது, ஆனால் எல்லாம் உதரவிதானத்துக்கு மேலேயே என்றால் ஸ்டேஜ் 2. எல்லாமே அதற்குக் கீழே இருந்தாலும் ஸ்டேஜ் 2தான். கழுத்திலும் இருந்து தொடையிடுக்கிலும் இருந்தால் கோட்டைத் தாண்டிவிட்டது, ஸ்டேஜ் 3. எலும்பு மஜ்ஜை, கல்லீரல் என்று நிணநீர் மண்டலத்துக்கு வெளியே உள்ள உறுப்புகளில் பரவலாக ஊன்றிவிட்டால் ஸ்டேஜ் 4. மண்ணீரலை இந்தக் கணக்கில் நிணநீர் மண்டலத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எண்ணோடு ஓர் எழுத்தும் சேரும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காரணம் தெரியாத காய்ச்சல், படுக்கை நனையும் அளவுக்கு இரவு வியர்வை, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் 'பி', இல்லையென்றால் 'ஏ'.

2014-இல் வெளியான லுகானோ வகைப்பாடு இந்த அடித்தளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பெரும்பாலான லிம்போமாக்களுக்கு ஸ்டேஜ் பார்க்கும் கருவியாக பெட்-சிடியை அதிகாரபூர்வமாக உட்கார வைத்தது. அந்த ஸ்கேன் புதிதாகக் கண்டுபிடித்துக் காட்டியவை உண்டு. ஆனால் அதனால் நோயாளிகளுக்குச் செய்யாமல் விட முடிந்தவற்றை வரிசையாகப் பார்த்தால்தான் அதன் உண்மையான அருமை புரியும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வயிற்றைத் திறந்து பார்த்த காலம்

இன்று தன் பெயரைத் தாங்கி நிற்கும் லிம்போமா வகையை தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற மருத்துவர் 1832-இல் விவரித்தார். அதற்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக, எவ்வளவு பரவியிருக்கிறது என்ற கேள்வி பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தது. தெரிந்தாலும் செய்வதற்கு அதிகம் இல்லை. கதிர்வீச்சு வந்ததும் நிலைமை மாறியது. டொராண்டோவைச் சேர்ந்த டாக்டர் வேரா பீட்டர்ஸ் 1950-இல் ஹாட்ஜ்கின் நோயாளிகளை மூன்று நிலைகளாகப் பிரித்து, ஆரம்ப நிலையில் இருப்பவர்களைச் சரியான கதிர்வீச்சால் நெடுங்காலம் காப்பாற்ற முடியும் என்று காட்டினார். அன்றிலிருந்து 'எங்கே இருக்கிறது' என்பது உயிர் போகிற கேள்வி ஆகிவிட்டது. கதிர் விழுந்த இடத்தில் நோய் போகும். விழாத இடத்தில் ஒளிந்திருந்தது பிறகு தலைதூக்கும்.

கண்ணுக்குத் தெரியாத வயிற்று முடிச்சுகளை எப்படிப் பார்ப்பது? லண்டனில் ஜான் கின்மந்த் 1950-களின் தொடக்கத்தில் ஒரு வழி சொன்னார். கால் விரல் இடுக்கில் நீலச் சாயத்தைச் செலுத்தினால் புறங்காலில் நூல் போன்ற நிணநீர்க் குழாய் நீலமாகத் தெரியும். தோலைக் கீறி அந்தக் குழாயில் நுண்ணிய ஊசியைப் பொருத்தி, எக்ஸ்ரேயில் தெரியும் எண்ணெயை மெல்ல மெல்லச் செலுத்துவார்கள். எண்ணெய் மேலேறி இடுப்பு, வயிற்று முடிச்சுகளில் தங்கும். மணிக்கணக்கில் ஆகும் வேலை. அதிலும் எண்ணெய் போகும் பாதையில் இருக்கும் முடிச்சுகள்தான் தெரியும். மண்ணீரலையும் கல்லீரலையும் அதில் பார்க்கவே முடியாது.

அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் ஸ்டேஜிங் லேப்பராட்டமி. 1960-களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி கேப்லன், சால் ரோசன்பெர்க் குழுவினர் தொடங்கி, பிறகு உலகமெங்கும் வழக்கமானது. சிகிச்சைக்காக அல்ல, நோய் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே இளம் வயது நோயாளிகளின் வயிற்றைத் திறந்தார்கள். மண்ணீரலை முழுவதுமாக எடுத்துச் சீவிப் பார்த்தார்கள். கல்லீரலில் துணுக்கு எடுத்தார்கள். முடிச்சுகளை எடுத்தார்கள். இளம்பெண்கள் என்றால், பிறகு கொடுக்கப்போகும் கதிர்வீச்சு படாதபடி சினைப்பைகளை நடுவே நகர்த்தித் தைத்தார்கள். இந்த அறுவைகள் ஒரு முக்கியமான பாடத்தைத் தந்தன: அளவில் இயல்பாக இருந்த மண்ணீரல் பலவற்றில் நோய் இருந்தது, வீங்கியிருந்த சிலவற்றில் இல்லவே இல்லை. அதற்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகள். மண்ணீரல் இல்லாத உடலில் நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் புகுந்தால் சில மணி நேரங்களிலேயே உயிரைப் பறிக்கும் தொற்றாக மாறலாம். அந்த அபாயம் வாழ்நாள் முழுக்கத் தொடரும். புற்றுநோயிலிருந்து மீண்டு, ஸ்டேஜ் பார்ப்பதற்காகச் செய்த அறுவையின் பின்விளைவால் இறந்தவர்கள் இருந்தார்கள்.

கூட்டு கீமோ மருந்துகளும் சிடி ஸ்கேனும் வந்து 1980-களில் இந்த அறுவையை ஓரங்கட்டின. ஒளிந்திருப்பதை மருந்தே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை வந்த பிறகு, கத்திக்குத் தேவை குறைந்தது.

சிடி பார்ப்பது அளவை மட்டும்

சிடி ஸ்கேன் உடலின் உள்ளமைப்பைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் ஒரு முடிச்சில் லிம்போமா இருக்கிறதா என்று கேட்டால் அதனிடம் இருக்கும் ஒரே பதில் அளவுதான். 1.5 செ.மீ.க்கு மேல் நீளமிருந்தால் சந்தேகம், குறைந்தால் விட்டுவிடலாம். சளிக் காய்ச்சலில் 2 செ.மீ.க்கு வீங்கிய முடிச்சும் உண்டு, 9 மி.மீ. அளவிலேயே லிம்போமா குடியேறிய முடிச்சும் உண்டு. இரண்டையும் சிடி தப்பாகச் சொல்லும். சிகிச்சைக்குப் பிறகு இன்னும் சிக்கல். நெஞ்சில் 11 செ.மீ. இருந்த கட்டி கீமோ முடிந்ததும் 3 செ.மீ. ஆகச் சுருங்கி நிற்கும். மிச்சம் இருப்பது உயிருள்ள நோயா, செத்த திசுவின் தழும்பா என்று சிடி படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அமைப்பை விட்டுவிட்டு, செல்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று பார்க்கும் முயற்சி 1969-லேயே தொடங்கிவிட்டது. கேலியம்-67 என்ற கதிரியக்கப் பொருளை ஹாட்ஜ்கின் நோயாளி ஒருவருக்கு எலும்பு ஸ்கேனுக்காகச் செலுத்தியபோது, அது எதிர்பாராமல் அவருடைய நோயுற்ற முடிச்சுகளில் போய்ச் சேர்ந்தது. கேலியம் ஸ்கேன் பல ஆண்டுகள் பயன்பட்டது. படம் மங்கலாக இருக்கும், முடிவு வர நாட்கணக்கில் ஆகும். அதன் இடத்தைச் சர்க்கரை பிடித்துக்கொண்டது.

சர்க்கரையைத் தொடர்ந்து போவது

புற்றணுக்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி உறிஞ்சுகின்றன என்று ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கவனித்திருந்தார். எஃப்டிஜி என்பது குளுக்கோஸிலிருந்து ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சிறு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணுவைப் பொருத்திய மூலக்கூறு. செல் அதை உண்மையான குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுத்து, முதல் வேதிமாற்றத்தைச் செய்துவிடுகிறது. அடுத்த படிக்கு அது ஒத்துவராது. வெளியே போகவும் வழியில்லை. உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. எந்தச் செல் அதிகம் இழுத்ததோ அங்கே அதிகம் சேரும். ஃப்ளூரின்-18 சிதையும்போது பாசிட்ரான் வெளிவருகிறது. அது பக்கத்தில் உள்ள எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, தலா 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமா கதிர்கள் நேரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. உடலைச் சுற்றியுள்ள வளையம் இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்தால், இந்த நேர்கோட்டில் எங்கோ ஒரு சிதைவு நடந்தது என்று குறித்துக்கொள்ளும். அப்படிக் கோடிக்கணக்கான கோடுகளிலிருந்து படம் உருவாகிறது.

ஃப்ளூரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம். 1976-இல் முதன்முறையாக மனித உடலில் எஃப்டிஜி செலுத்தப்பட்டபோது, நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் டாட்சுவோ இடோவும் சக ஆய்வாளர்களும் தயாரித்த மருந்தைச் சிறு விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோனார்கள். தயாரித்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கும் பொருள் என்பதால் இன்றைக்கும் பெட் ஸ்கேன் மையங்கள் கடிகாரத்தைப் பார்த்தபடியே இயங்குகின்றன. நோயாளி அரை மணி தாமதமாக வந்தால் கூட மருந்தின் அளவைத் திரும்பக் கணக்கிட வேண்டும். பெட்டையும் சிடியையும் ஒரே இயந்திரத்தில் இணைத்த முதல் மாதிரி 1998-இல் பிட்ஸ்பர்க்கில் இயங்கியது. டேவிட் டவுன்செண்ட், ரொனால்ட் நட் இருவரும் அதன் பின்னணியில் இருந்தவர்கள். எங்கே ஒளிர்கிறது என்று பெட் சொல்ல, அது எந்த உறுப்பு என்று சிடி சொல்கிறது.

ஸ்கேன் நாளில் நோயாளியிடம் கேட்டுக்கொள்ளும் ஒவ்வொன்றுக்கும் இந்தச் சர்க்கரைக் கணக்குதான் காரணம். குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். சாப்பிட்டால் இன்சுலின் ஏறும், எஃப்டிஜி எல்லாம் தசைக்குள் போய்விடும், கட்டிக்கு மிஞ்சாது. ரத்தச் சர்க்கரை 200 மி.கி.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தள்ளிவைப்பார்கள், ஏனென்றால் நிஜக் குளுக்கோஸ் போட்டிக்கு வந்துவிடும். முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி கூடாது. ஊசி போட்ட பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கதகதப்பான அறையில் போர்வையோடு அசையாமல், பேசாமல் படுத்திருக்க வேண்டும். பேசினால் குரல்வளைத் தசைகள் ஒளிரும். குளிரில் நடுங்கினால் கழுத்திலும் தோள்பட்டைக்கு மேலும் உள்ள பழுப்புக் கொழுப்பு சூடு உண்டாக்கச் சர்க்கரையை எரிக்கும். அது ஒளிரும் இடமும் லிம்போமா முடிச்சுகள் இருக்கும் இடமும் ஒன்றே. கடைசியில் சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுத்தால், ஸ்கேன் அரை மணிக்குள் முடிந்துவிடும்.

முழு உடல் என்று சொன்னாலும் வழக்கமான ஸ்கேன் மண்டையோட்டின் அடியிலிருந்து தொடையின் நடுப்பகுதி வரைதான். தோலில் வரும் லிம்போமா, காலில் ஏதாவது அறிகுறி என்றால்தான் உச்சி முதல் பாதம் வரை எடுப்பார்கள். வழக்கமான படத்தில் ஒளிரும் இடங்கள் கறுப்பாகத் தெரியும். மூளை கறுப்பாக இருக்கும், சிறுநீர்ப்பை கறுப்பாக இருக்கும், இதயமும் சில நேரம் அப்படி இருக்கும், சிறுநீரகங்களும் தெரியும். இவை இயல்பு. அறிக்கை வருவதற்கு முன்பே படத்தைப் பார்த்துவிட்டு மூளை முழுக்கப் பரவிவிட்டது என்று நடுங்கியவர்கள் உண்டு. மூளை எப்போதும் சர்க்கரையில் இயங்கும் உறுப்பு, அவ்வளவுதான். அதே காரணத்தால் மூளைக்குள் இருக்கும் லிம்போமாவைத் தேட பெட் உகந்தது அல்ல. அதற்கு மூளைக்கான எம்ஆர்ஐதான்.

ஸ்டேஜ் மாறும்போது

சிடி மட்டும் எடுத்துப் போட்ட ஸ்டேஜோடு ஒப்பிட்டால், பெட்-சிடிக்குப் பிறகு பத்தில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை வேறு ஸ்டேஜுக்கு மாறுகிறார்கள், பெரும்பாலும் மேலே. எல்லோருக்கும் அதனால் சிகிச்சை மாறிவிடுவதில்லை. மூன்றிலிருந்து நான்குக்குப் போனால் பல நேரங்களில் அதே மருந்துதான். ஆனால் ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போவது பெரிய மாற்றம். ஃபோலிகுலர் லிம்போமாவில் இது தெளிவாகத் தெரியும். மெதுவாக வளரும் இந்த வகை ஓரிடத்தில் மட்டும் இருந்தால், அந்த இடத்துக்கு 24 கிரே அளவு கதிர்வீச்சு மட்டுமே கொடுத்துப் பலரை ஆண்டுக்கணக்கில் நோயின்றி வைத்திருக்க முடியும். உண்மையிலேயே ஓரிடத்தில்தான் இருக்கிறதா என்பதே கேள்வி. பெட் மூலம் ஸ்டேஜ் உறுதிசெய்து கதிர்வீச்சு மட்டும் பெற்ற 512 நோயாளிகளின் பன்னாட்டுத் தொகுப்பு 2019-இல் வெளியானது. ஐந்து ஆண்டுக்குப் பிறகும் அவர்களில் 68.9 சதவீதம் பேருக்கு நோய் திரும்பவில்லை. கீமோவே இல்லாமல் கிடைத்த பலன் இது.

எலும்பு மஜ்ஜை விஷயத்தில் கிடைத்த நிம்மதி இன்னும் நேரடியானது. புதிதாக ஹாட்ஜ்கின் கண்டறியப்பட்ட எல்லோருக்கும் ஒரு காலத்தில் இடுப்பெலும்பில் தடித்த ஊசியை இறக்கி மஜ்ஜைத் துணுக்கு எடுப்பார்கள். மரத்துப்போக மருந்து கொடுத்தாலும், எலும்பிலிருந்து உறிஞ்சும் அந்தச் சில நொடி வலி அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இத்தனைக்கும் அந்த ஊசி பார்ப்பது ஒரு சிறு இடத்தை. நோயோ முதுகெலும்பில் ஒரு கண்ணியிலும் தொடையெலும்பில் ஓர் ஓரத்திலுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். டென்மார்க் ஆய்வாளர்கள் 454 ஹாட்ஜ்கின் நோயாளிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவில், பெட்-சிடியில் ஸ்டேஜ் 1 அல்லது 2 என்று வந்த ஒருவருக்குக் கூட மஜ்ஜைப் பரிசோதனையில் நோய் தெரியவில்லை. லுகானோ வகைப்பாடு ஹாட்ஜ்கினில் அந்த ஊசியை வழக்கத்திலிருந்து நீக்கியதற்கு இதுபோன்ற சான்றுகளே அடிப்படை. டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் வகையில் எலும்பு ஒளிர்ந்தால் அதுவே போதும்; ஒளிராவிட்டால், தெரிந்துகொள்வதால் சிகிச்சை மாறும் என்ற நிலையில் மட்டும் ஊசி. மெதுவாக வளரும் பல வகைகளில் மஜ்ஜை நோய் பெட்டில் தெரியாமல் போகலாம் என்பதால் அங்கே ஊசிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கற்பனையாக ஒரு கணக்கு: ஸ்டேஜ் 2-இல் 100 பேர், 80 பேர் குணம், ஸ்டேஜ் 3-இல் 100 பேர், 60 பேர் குணம். புதிய ஸ்கேன் வந்து, ஸ்டேஜ் 2-இல் இருந்த 20 பேரிடம் ஒளிந்திருந்த நோயைக் கண்டுபிடித்து ஸ்டேஜ் 3-க்கு மாற்றுகிறது. அந்த 20 பேரில் குணமாகப்போகிறவர்கள் 14 பேர் என்று வைப்போம். இப்போது ஸ்டேஜ் 2-இல் 80 பேருக்கு 66, அதாவது 82.5 சதவீதம். ஸ்டேஜ் 3-இல் 120 பேருக்கு 74, ஏறத்தாழ 62 சதவீதம். இரண்டு ஸ்டேஜிலும் முடிவுகள் உயர்ந்துவிட்டன. ஆனால் மொத்தத்தில் குணமானவர்கள் அதே 140 பேர்தான். ஒருவர் கூடக் கூடுதலாகப் பிழைக்கவில்லை. ஆல்வன் ஃபைன்ஸ்டைன் 1985-இல் இதை விளக்கி, நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸின் பெயரை இதற்கு வைத்தார். பெட் வருவதற்கு முந்தைய ஆய்வோடு இன்றைய ஆய்வை ஸ்டேஜ் வாரியாக ஒப்பிட்டு, மருந்து முன்னேறிவிட்டது என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒளிர்வதெல்லாம் லிம்போமா அல்ல

இந்த ஸ்கேனில் மிகவும் ஆபத்தான இடம் இதுதான். எஃப்டிஜி புற்றுநோயைத் தேடிப் போவதில்லை. சர்க்கரையை எரிக்கும் எந்தச் செல்லுக்குள்ளும் போகும். காசநோய் முடிச்சு லிம்போமா முடிச்சைப் போலவே பளிச்சென்று தெரியும். புற்றுநோய் அல்லாத அழற்சி நோயான சார்காய்டோசிஸ் நெஞ்சின் நடுவே இருபுறமும் ஒளிர்ந்து அச்சு அசலாக ஏமாற்றும். தடுப்பூசி போட்ட கையின் அக்குள் முடிச்சுகள் வாரக்கணக்கில் ஒளிரலாம்; கொரோனா தடுப்பூசிகள் பரவலாகப் போடப்பட்ட 2021-இல் உலகமெங்கும் ஸ்கேன் பார்த்தவர்கள் எந்தக் கையில், எந்தத் தேதியில் ஊசி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். வெள்ளணுக்களை ஏற்றப் போடும் ஊசிக்குப் பிறகு எலும்பு மஜ்ஜை முழுவதும் ஒளிரும். குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் கீமோ முடிந்த சில மாதங்களில் தைமஸ் சுரப்பி மீண்டும் வளர்ந்து, நெஞ்சில் நோய் திரும்பிவிட்டது போலக் காட்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் குடல் நெடுக ஒளிரும்.

ஆகவே லிம்போமா என்று சொல்லும் உரிமை திசுப் பரிசோதனைக்கு மட்டும்தான். ஒளிரும் படத்தை மட்டும் வைத்து முதல் சிகிச்சையைத் தொடங்குவதும் தவறு; சிகிச்சை முடிந்தவருக்குப் புதிதாக ஓரிடத்தில் ஒளிர்கிறது என்பதை மட்டும் வைத்து நோய் திரும்பிவிட்டது என்று அடுத்த கட்ட மருந்துக்குத் தாவுவதும் தவறு. எந்த முடிச்சிலிருந்து திசு எடுப்பது என்று காட்டுவதற்குத்தான் படம் உதவும். மெதுவாக வளரும் லிம்போமா உள்ள ஒருவருக்கு ஒரே ஓரிடம் மட்டும் மற்றவற்றைவிடப் பலமடங்கு ஒளிர்ந்தால், நோய் அங்கே வேகமான வகையாக மாறியிருக்கலாம். ஊசி அங்கேதான் போக வேண்டும். கைக்கு எளிதாகக் கிடைக்கிறது என்று கழுத்து முடிச்சை எடுத்தால் உண்மை தவறிப்போகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஹாட்ஜ்கின், டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல், ஃபோலிகுலர், பர்கிட், மேண்டில் செல் ஆகியவை ஏறக்குறைய எப்போதும் ஒளிரும். சிஎல்எல் (நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய்) வகையும், இரைப்பை போன்ற இடங்களில் வரும் மார்ஜினல் ஸோன் வகையும் மங்கலாகவோ தெரியாமலோ போகலாம். அவற்றுக்கு நல்ல சிடி ஸ்கேனே அடிப்படை. 5 மி.மீ. அளவுக்கும் குறைந்தவை எந்த வகையானாலும் பெட்டின் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஸ்டீராய்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூச்சுத்திணறல், வீக்கம் என்று வரும் நோயாளிக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போமா சில நாட்களிலேயே அடங்கத் தொடங்கும். திசுவும் எடுக்காமல், ஸ்கேனும் எடுக்காமல் ஸ்டீராய்டு தொடங்கினால் பிறகு எடுக்கும் இரண்டுமே பாதி உண்மையைத்தான் சொல்லும். உயிருக்கு அவசரம் என்றால் வேறு வழியில்லை. அவசரம் இல்லையென்றால் திசுவும் ஸ்கேனும் முதலில் வர வேண்டும்.

முதல் படம் எதற்கு அளவுகோல்

சிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கேன் ஸ்டேஜ் சொன்னதோடு முடிந்துவிடுவதில்லை. பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் அதனோடு வைத்துத்தான் படிக்க வேண்டும். 2009-இல் பிரான்சின் டோவில் நகரில் கூடியவர்கள் எளிமையான ஐந்து புள்ளி அளவுகோலைக் கொடுத்தார்கள். நோயாளியின் சொந்த உடலே அதற்கு உரைகல். நெஞ்சின் நடுவே பெருந்தமனியின் ரத்தம் எவ்வளவு ஒளிர்கிறது, கல்லீரல் எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்த்து, கட்டியின் ஒளியை அவற்றோடு ஒப்பிட வேண்டும். கட்டியில் ஒளியே இல்லை என்றால் 1. ரத்தத்தின் அளவுக்குள் என்றால் 2. அதைத் தாண்டி, கல்லீரலுக்கு மிகாமல் இருந்தால் 3. கல்லீரலைவிட ஓரளவு கூடுதல் என்றால் 4. மிகவும் கூடுதல் அல்லது புதிய இடங்கள் என்றால் 5. அறிக்கையில் டோவில் 1, 2, 3 என்று இருந்தால் பெரும்பாலும் நல்ல செய்தி.

இந்த அளவுகோலின் பலனை 2016-இல் வெளியான ராதல் ஆய்வு காட்டியது. முற்றிய நிலை ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்கு வழக்கமான நான்கு மருந்துக் கூட்டில் இரண்டு சுற்று கொடுத்த பிறகு பெட் எடுத்தார்கள். 1,119 பேரில் 937 பேருக்கு ஒளி அடங்கியிருந்தது. அவர்களில் ஒரு பாதியினருக்கு நுரையீரலைப் பாதிக்கக்கூடிய ப்ளியோமைசினை நிறுத்திவிட்டு மற்ற மூன்று மருந்துகளை மட்டும் தொடர்ந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து நோய் முற்றாமல் இருந்தவர்கள், நான்கு மருந்தும் தொடர்ந்தவர்களில் 85.7 சதவீதம், ப்ளியோமைசின் இல்லாதவர்களில் 84.4 சதவீதம். நுரையீரல் தொல்லை மட்டும் கணிசமாகக் குறைந்தது. குழந்தைகளின் ஹாட்ஜ்கினிலும், இரண்டு சுற்றுக்குப் பிறகு பெட் அடங்கிவிட்டால் கதிர்வீச்சையே விட்டுவிடும் பாதையை ஐரோப்பிய ஆய்வுகள் உறுதிப்படுத்தின. பத்து வயதில் நெஞ்சில் கதிர்வீச்சு வாங்கிய பெண்ணுக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை நினைத்தால், அந்தப் படம் எத்தனை ஆண்டுகளைக் காப்பாற்றித் தருகிறது என்று புரியும்.

கதிர்வீச்சே இல்லாத வழி

பெட்-சிடியிலும் கதிர்வீச்சு உண்டு. குறைந்த அளவு சிடியோடு எடுத்தால் பொதுவாக 8 முதல் 15 மில்லிசீவர்ட் வரை. முழு அளவு சிடி என்றால் அதற்கும் மேல். அறுபது வயதில் லிம்போமா வந்தவருக்கு இது பொருட்டே அல்ல. கருவுற்ற பெண்ணுக்கும், பலமுறை ஸ்கேன் எடுக்க வேண்டிய குழந்தைக்கும் பொருட்டுதான். அங்கே முழு உடல் எம்ஆர்ஐ வருகிறது.

திசுவில் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று எம்ஆர்ஐயால் பார்க்க முடியும். லிம்போமாவில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் நீர் நகர இடமில்லை. படத்தில் அது தனித்துத் தெரியும். ஜப்பானின் டாரோ டகாஹாரா குழு 2004-இல், நோயாளி இயல்பாக மூச்சு விட்டபடி இருக்கவே, பின்னணித் திசுக்களை அடக்கி உடல் முழுவதையும் இப்படிப் படமெடுக்கும் முறையைக் கொடுத்தது. எஃப்டிஜி பிடிக்காத மார்ஜினல் ஸோன் வகைகளில் இது பெட்டைவிட நன்றாகக் காட்டுவதுண்டு. குறை என்னவென்றால், ஆரோக்கியமான முடிச்சுகளும் மண்ணீரலும் கூட இயல்பிலேயே இதில் பளிச்சென்று தெரியும். ஆகவே மறுபடியும் அளவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நேரமும் அதிகம், முக்கால் மணி வரை குறுகிய குழாய்க்குள் அசையாமல் கிடப்பது சிறு குழந்தைகளால் ஆகாது. பெட்-சிடியை இது இன்னும் இடம்பெயர்க்கவில்லை. ஆனால் கருவுற்ற நோயாளிக்கு நோயின் பரவலைப் பார்க்க நல்ல வழி இருக்கிறது என்பதே பெரிய விஷயம். அப்படியொரு வழி இருப்பது தெரியாமலேயே தவிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன.

சிகிச்சை முடிந்ததும் இறுதி பெட் எடுக்க அவசரப்படக் கூடாது. கீமோவுக்குப் பிறகு ஆறு முதல் எட்டு வாரமும், கதிர்வீச்சுக்குப் பிறகு மூன்று மாதமும் காத்திருந்தால்தான் சிகிச்சையால் வந்த அழற்சி அடங்கி உண்மை நிலை தெரியும். அந்தப் படத்தில் நோய் முழுவதுமாக அடங்கியிருந்தால், ஹாட்ஜ்கினிலும் டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் வகையிலும் அறிகுறியே இல்லாதவருக்கு 'எதற்கும் பார்த்துவிடலாம்' என்று தொடர்ந்து ஸ்கேன் எடுக்க லுகானோ வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. நோய் திரும்பும்போது பெரும்பாலும் நோயாளியே கட்டியையோ காய்ச்சலையோ முதலில் கவனிக்கிறார். வழக்கமாக எடுக்கும் ஸ்கேன் பொய் எச்சரிக்கை தருவதும், அதைத் தொடர்ந்து தேவையற்ற பயாப்ஸியும் தூக்கமில்லாத வாரங்களும் வருவதும் சகஜம். சந்திப்புக்குப் போகும்போது டாக்டர் கழுத்து, அக்குள், வயிறு, தொடையிடுக்கைத் தொட்டுப் பார்த்து, ரத்தப் பரிசோதனை எழுதி, ஸ்கேன் வேண்டாம் என்று அனுப்பினால், அலட்சியம் என்று நினைத்து வேறு இடத்தில் போய்ச் சொந்தச் செலவில் எடுக்கத் தேவையில்லை. புதிதாக ஒரு கட்டியோ, காரணமில்லாத காய்ச்சலோ, இரவு வியர்வையோ, எடைக் குறைவோ வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் உடனே போக வேண்டும். ஸ்கேனுக்கு வேலை அப்போதுதான்.